காட்டலான் மொழியின் அடிப்படை முன்னுருபுகளும் தமிழ் வேற்றுமைப் பொருள்களும்: கற்றல் நோக்கில் ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளுள் ஒன்றான காட்டலான், பெயருக்கும் வினைக்கும் இடையிலான உறவைப் பெயருக்கு முன் நிற்கும் சிறுசொற்களால் உணர்த்துகிறது. தமிழ் அவ்வுறவைப் பெயருக்குப் பின் வரும் வேற்றுமை உருபுகளாலும் சொல்லுருபுகளாலும் உணர்த்துகிறது. தமிழ் வழியாகக் காட்டலானைக் கற்பவர் உருபுக்கு உருபு நேர் வைத்துக் கற்கும்போது பிழைகள் தோன்றுகின்றன. உருபையும் பொருளையும் பிரித்துக் காணும் தமிழ் இலக்கண மரபின் வழி அணுகினால் அப்பிழைகளின் காரணம் விளங்குவதோடு, அவற்றைத் தவிர்க்கும் வழியும் கிடைக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காட்டலான், முன்னுருபு, வேற்றுமைப் பொருள், மூன்றாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை, ஒப்பிலக்கணம், மொழி கற்றல்

முன்னுரை

காட்டலோனியா, வலென்சியா, பலேயாரிக் தீவுகள், பிரான்சின் தென்பகுதியிலுள்ள உரூசியோன், சார்தீனியாவின் அல்கேரோ நகரம் ஆகிய இடங்களில் காட்டலான் வழங்குகிறது. அந்தோரா நாட்டின் ஒரே ஆட்சிமொழியும் அதுவே. 1907இல் நிறுவப்பட்ட காட்டலான் ஆய்வு நிறுவனத்தின் வழியாக இம்மொழியின் தற்கால எழுத்துவழக்கு வரையறை பெற்றது. 1913இல் எழுத்துவிதிகள் வெளிவந்தன. பொம்பேவு ஃபாப்ராவின் (1868–1948) இலக்கண நூல் 1918இல் வெளிவந்தது. அந்நிறுவனம் 2016இல் புதிய இலக்கணத்தை வெளியிட்டது.

இம்மொழியைக் கற்கும் தமிழர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவோ ஸ்பானிய மொழியின் வழியாகவோ அதனை அணுகுகின்றனர். இதனால் இடைநிற்கும் மொழியின் முன்னுருபுப் பாகுபாடு காட்டலானின் மீது ஏற்றப்படுகிறது. தமிழ் இலக்கணம் தரும் கருவிகள் பயன்படாமலே போகின்றன. வேற்றுமையியலுக்கு அடுத்து வேற்றுமை மயங்கியல் என்றே தனி இயல் வகுத்தது தொல்காப்பியம். ஓர் உருபு பல பொருள்களில் வரும், ஒரு பொருளுக்குப் பல உருபுகள் வரும் என்ற தெளிவு அம்மரபில் வேரூன்றியது. அத்தெளிவு பிறமொழி கற்றலுக்கும் பயன்படும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

காட்டலான் சொற்கள் இங்கே எழுத்துவடிவத்தைப் பெரிதும் ஒட்டித் தமிழ் எழுத்தில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் தரப்படுகின்றன. 'என்' என்று வருமிடத்தில் அது காட்டலான் சொல்லே. தமிழ்ச் சொல் அன்று. 'தெ' என்பதில் தகரத்தை மெலிந்த ஒலிப்புடன் கொள்ள வேண்டும்.

1. முன்னுருபுகளின் வகையும் புணர்ச்சியும்

காட்டலான் இலக்கணத்தார் முன்னுருபுகளை அழுத்தம் பெறாதவை, அழுத்தம் பெறுபவை என இருவகைப்படுத்துவர். 'அ', 'தெ', 'என்', 'அம்ப்', 'பெர்' ஆகிய ஐந்தும் அழுத்தம் பெறாதவை. 'பெர்', 'அ' ஆகிய இரண்டும் சேர்ந்து 'பெர் அ' என்ற கூட்டுவடிவம் அமையும். 'சோப்ரெ' (மேல்), 'சோதா' (கீழ்), 'எந்த்ரெ' (இடையே), 'சென்ஸெ' (இன்றி), 'கோந்த்ரா' (எதிராக) முதலியவை அழுத்தம் பெறுபவை.

இப்பாகுபாடு தமிழின் உருபு, சொல்லுருபு என்ற பாகுபாட்டோடு ஒப்புநோக்கத்தக்கது. அழுத்தமற்ற ஐந்தும் ஐ, ஆல், கு போலப் பொதுமையான, பரந்த பொருளுடையவை. அழுத்தமுடையவை மேல், கீழ், இன்றி போலத் தெளிந்த ஒரு பொருளை உடையவை. 'தவன் தெ ல காஸா' என்பது 'வீட்டின் முன்' என்பதற்கு அமைப்பிலும் நெருங்கியது. 'முன்' என்ற சொல்லுருபு 'இன்' என்பதை வேண்டுவது போலவே 'தவன்' என்பது 'தெ'யை வேண்டுகிறது. கற்பவருக்கு இடர் தருபவை அழுத்தமற்ற ஐந்துமே.

இவற்றுள் 'அ', 'தெ', 'பெர்' ஆகிய மூன்றும் ஆண்பால் சுட்டுச்சொல்லான 'எல்' என்பதோடு புணர்ந்து முறையே 'அல்', 'தெல்', 'பெல்' எனத் திரியும். 'என்', 'அம்ப்' இரண்டும் அவ்வாறு திரியா. வருமொழி உயிரெழுத்தில் தொடங்கினால் 'தெ' தன் உயிரை இழக்கும். 'தெ' + 'ஐக்வா' (நீர்) என்பது 'தைக்வா' என்றாகும். உயிர் வரக் குற்றியலுகரம் கெடுவதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இம்மாற்றம் புதியது அன்று. சுட்டுச்சொல்லே உயிரிழந்து வருமொழியோடு ஒட்டிவிட்டால் முன்னுருபோடு அது புணராது. 'மனிதனுக்கு' என்ற பொருளில் 'அ லொமெ' என வருமேயன்றி 'அல்' வாராது.

2. இடப்பொருள்: நான்காம் ஏழாம் வேற்றுமைகளின் எல்லை

பின்வரும் மூன்று தொடர்களை நோக்குக.

'விஸ்க் அ ஜிரோனா' – ஜிரோனாவில் வாழ்கிறேன்.
'வாச் அ ஜிரோனா' – ஜிரோனாவுக்குச் செல்கிறேன்.
'விங்க் தெ ஜிரோனா' – ஜிரோனாவிலிருந்து வருகிறேன்.

தமிழில் இருப்பிடத்துக்கு ஏழாம் வேற்றுமையும் சென்றடையும் இடத்துக்கு நான்காம் வேற்றுமையும் வருகின்றன. காட்டலானில் இரண்டிற்கும் 'அ' என்பதே வருகிறது. இருத்தலா செல்லுதலா என்பதை வினையே காட்டுகிறது. ஸ்பானிய மொழி இருப்பிடத்துக்கு 'என்', சென்றடைதலுக்கு 'அ' எனத் தமிழைப்போல் இரண்டாகப் பிரிக்கிறது. ஆகவே ஸ்பானிய மொழி அறிந்த தமிழர், 'விஸ்க் என் ஜிரோனா' என்று கூறுவது இயல்பாக நேர்கிறது; தாய்மொழியும் இடைமொழியும் ஒரே திசையில் அவரை இழுக்கின்றன.

எனினும் இருப்பிடப் பொருளில் 'என்' முற்றிலும் விலக்கப்பட்டதன்று. 'ஒரு', 'ஏதோ ஒரு', 'இந்த' என்ற பொருளுடைய சொற்களுக்கு முன் அது விரும்பப்படுகிறது. 'என் உன் பொப்ளெ' (ஓர் ஊரில்), 'என் அக்கெஸ்தா காஸா' (இந்த வீட்டில்) ஆகியவை சான்றுகள். 'வாழ்வில்', 'எண்ணத்தில்' என்பன போன்ற அருவப் பொருள்களுக்கும் 'என்' பொருந்தும். ஊர்ப்பெயர்க்கு முன்னும், சுட்டுச்சொல் பெற்ற பருப்பொருள் இடத்துக்கு முன்னும் 'அ' பொதுவழக்கு. 'அல் கர்ரே' என்பது 'தெருவில்' எனவும் 'தெருவுக்கு' எனவும் பொருள்படும். வலென்சிய வழக்கில் இருப்பிடத்துக்கு 'என்' பரவலாக வருகிறது. எனவே கற்பவர் தாம் கேட்கும் வழக்கு எப்பகுதிக்குரியது என்பதையும் கருத வேண்டும்.

'உள்ளே', 'மேலே' என்ற வேறுபாட்டில் காட்டலான் தமிழுக்கு நெருங்கி நிற்கிறது. 'எல் ல்யிப்ரெ எஸ் அ ல தௌலா' என்றால் 'புத்தகம் மேசையில் உள்ளது' என்பது பொருள். மேசையில், அறையில் என இரண்டிற்கும் தமிழ் 'இல்' ஒன்றையே ஆள்வது போலக் காட்டலானும் 'அ' ஒன்றையே ஆள்கிறது. ஆங்கிலம் இவ்விடத்தில் இரு சொற்களைத் தேடச் செய்யும். தமிழ்வழிச் சிந்தனை நேரே சேர்க்கும்.

3. கொடைப்பொருளும் செயப்படுபொருளும்

'அ' என்பது கொடைப்பொருளையும் உணர்த்தும். 'எ துனாத் எல் ல்யிப்ரெ அ ல மரியா' என்றால் 'மரியாவுக்குப் புத்தகம் கொடுத்தேன்' என்பது பொருள். ஆகவே தமிழின் 'கு' போலவே 'அ'வும் கொடையையும் சென்றடையும் இடத்தையும் ஒருங்கே உணர்த்துவதாகத் தோன்றும். ஆனால் அவ்வொற்றுமை வடிவளவில் மட்டுமே உள்ளது. முன்னுருபுத் தொடருக்கு மாற்றாக வரும் பதிலிச்சொற்கள் இதனைக் காட்டுகின்றன.

'அங்கே வாழ்கிறேன்' என்பது 'இ விஸ்க்'. 'அங்கே செல்கிறேன்' என்பது 'இ வாச்'. இரண்டிலும் 'இ' என்ற ஒரே பதிலிச்சொல் வருகிறது. மரியாவுக்குக் கொடுத்ததைக் கூறும்போதோ 'லி' என்ற வேறு பதிலிச்சொல் வருகிறது. தமிழ் கொடையையும் சென்றடையும் இடத்தையும் ஓர் உருபில் சேர்த்து இருப்பிடத்தைப் பிரிக்கிறது. காட்டலான் இருப்பிடத்தையும் சென்றடையும் இடத்தையும் ஒரு பதிலிச்சொல்லில் சேர்த்துக் கொடையைப் பிரிக்கிறது. இரு மொழிகளும் ஒரே பொருட்பரப்பை வெவ்வேறு கோட்டில் வெட்டுகின்றன. 'அ' என்றால் 'கு' என்று மனனம் செய்தவர் 'இ', 'லி' ஆகியவற்றைப் பிறழ ஆள்வதன் காரணம் இதுவே.

அனுபவிப்பவரைக் கொடைப்பொருளில் வைப்பதில் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. 'அ ல மரியா லி அக்ராதா எல் கஃபெ' என்பது 'மரியாவுக்குக் காபி பிடிக்கும்' என்பதற்கு நேர். இரு மொழிகளிலும் மரியா எழுவாய் அல்லள். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்ற தொடரின் அமைப்பும் காட்டலானில் அவ்வாறே. ஆங்கிலவழி கற்பவர் நெடிது பயிலும் இவ்வமைப்பைத் தமிழர் எளிதில் கைக்கொள்வர்.

செயப்படுபொருளில் நிலைமை மாறுகிறது. தமிழில் உயர்திணைப் பெயர் செயப்படுபொருளாயின் ஐ உருபு வெளிப்பட்டே வரும். அஃறிணையாயின் தொக்கும் வரலாம். 'மரியாவைப் பார்த்தேன்' என்றே கூறுவோம். 'புத்தகம் படித்தேன்' என்பதோ இயல்பு. ஸ்பானிய மொழியும் மக்களைச் சுட்டும் செயப்படுபொருளுக்கு முன் 'அ' சேர்க்கும். காட்டலான் எழுத்துவழக்கு அதனை ஏற்பதில்லை. 'எ விஸ்த் ல மரியா' என்பதே நெறி. தன்மை, முன்னிலை முதலியவற்றின் அழுத்தமுள்ள பெயர்கள் வரும்போதும் வேறு சில இடங்களிலும் மட்டும் 'அ' வரும். பேச்சில் அது மிகுதியாகக் கேட்கப்படினும், எழுதும்போது தமிழுணர்வு வேண்டும் உருபைக் கற்பவர் அடக்கிக்கொள்ள வேண்டும்.

4. 'அம்ப்': ஒடுவின் பரப்பு

'அம்ப் ல மரியா' என்றால் 'மரியாவுடன்'. 'அம்ப் உன் கனிவெத்' என்றால் 'ஒரு கத்தியால்'. தற்காலத் தமிழில் உடனிகழ்ச்சிக்கு ஓடு, உடன் என்பனவும் கருவிக்கு ஆல் என்பதும் தனித்தனியே வழங்குவதால் 'அம்ப்' இரு பொருள்களை உடையது எனக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் தமிழ் இலக்கண மரபு இவ்விரண்டையும் ஒரே வேற்றுமையின்கீழ் வைத்துள்ளது. தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்கு ஒடு என்ற உருபையே பெயராகச் சூட்டிக் கருவிப் பொருளையும் அதற்குரியதாகக் கொள்கிறது. நன்னூல் ஆல், ஆன், ஒடு, ஓடு ஆகியவற்றை ஒருங்கே கூறிக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் வகுக்கிறது. அவ்வகையில் 'அம்ப்' என்பதை மூன்றாம் வேற்றுமையின் காட்டலான் வடிவம் என்றே தமிழ் மாணவர்க்கு அறிமுகம் செய்யலாம்.

இதில் ஒரு வரையறை உண்டு. மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருள் 'அம்ப்' என்பதற்கு உரியதன்று. 'ஃபாப்ராவால் எழுதப்பட்ட' என்பது 'எஸ்க்ரித் பெர் ஃபாப்ரா' என்றே அமையும். 'கத்தியால்' எனும்போதும் 'ஃபாப்ராவால்' எனும்போதும் தமிழில் ஆல் ஒன்றே. கருவியா, கருத்தாவா என்று பொருளை வினவினால்தான் சரியான முன்னுருபு கிடைக்கும்.

உணவுப் பெயர்களில் 'அம்ப்' பெரிதும் பயில்கிறது. காட்டலோனியர் நாள்தோறும் உண்ணும் 'பா அம்ப் தொமாக்கெத்' என்பது தக்காளி தேய்த்த ரொட்டி. 'கஃபெ அம்ப் ல்யெத்' என்பது பால் சேர்த்த காபி. இத்தகைய இடங்களில் தமிழ் உருபை விடுத்து வினையெச்சத்தையோ பெயரெச்சத்தையோ ஆளும்.

இச்சொல்லின் மூலம் 'அருகில்' என்ற பொருளுடைய 'அபுத்' என்ற இலத்தீன் சொல்லாகும். பழங்காட்டலானில் 'அப்' என எழுதப்பட்டது. மெய்யெழுத்துக்கு முன் இதன் இறுதி ஒலி பேச்சில் கேட்பதில்லை. வலென்சியப் பேச்சில் இது 'என்' போலவே ஒலிப்பதால் அங்கே எழுதுவோர்க்கும் இவ்விரண்டிடையே மயக்கம் நேர்வதுண்டு.

5. 'பெர்', 'பெர் அ': பொருட்டு என்பதன் இரு முகங்கள்

'இது உனக்கு' என்பது 'அஷோ எஸ் பெர் அ து'. 'இதை உன்பொருட்டுச் செய்கிறேன்' என்பது 'உ ஃபாச் பெர் து'. முன்னதில் ஒன்று ஒருவரை நோக்கிச் சேர்கிறது. பின்னதில் ஒருவர் செயலுக்குக் காரணமாகிறார். காரணம், வழி, கருத்தா ஆகியவை 'பெர்' என்பதன் பொருள்கள். பெறுபவர், பயன்பாடு, குறிக்கோள் ஆகியவை 'பெர் அ' என்பதன் பொருள்கள். 'பாஸோ பெல் பொன்த்' (பாலத்தின் வழியாகச் செல்கிறேன்) என்பதிலும் 'பெர்' உண்டு.

தமிழில் நான்காம் வேற்றுமையின் பொருட்டுப் பொருள் இவ்விரண்டையும் தழுவுகிறது. 'உனக்காக' என்ற ஒரே வடிவம் 'உன்னிடம் சேர்வதற்கு' எனவும் 'நீ காரணமாக' எனவும் பொருள்படும். ஆகவே தமிழ் மாணவர் தயங்கும் இடம் இதுவே. 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்பதில் 'கு' இருப்பதால் 'பெர் அ' என எண்ணத் தோன்றும். நன்றிக்குக் காரணமாவது 'எல்லாம்' ஆதலின் 'க்ராஸியெஸ் பெர் தொத்' என்பதே சரி. 'காரணமாக' என்று மாற்றிப் பார்த்துப் பொருள் நின்றால் 'பெர்'. 'சேர்வதற்கு' என்று மாற்றிப் பார்த்துப் பொருள் நின்றால் 'பெர் அ'. பெயர்களுக்கு முன் இச்சோதனை பெரும்பாலும் பயன்தரும்.

வினையின் எச்சவடிவத்துக்கு முன் குறிக்கோளைக் கூறும்போது எவ்வடிவம் வர வேண்டும் என்பது காட்டலான் இலக்கண அறிஞரிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. பார்சிலோனாவை மையமாகக் கொண்ட பேச்சில் 'பெர்' ஒன்றே பெரிதும் கேட்கும். வலென்சிய வழக்கு 'பெர் அ' என்பதைப் பேணுகிறது. வினைக்கு முன் தம் ஆசிரியர் வழக்கையோ நூல் வழக்கையோ ஒருசீராகப் பின்பற்றுதல் தொடக்கநிலை மாணவர்க்குப் போதும்.

6. 'தெ': நீக்கமும் கிழமையும் தொகையும்

'தெ' என்பதன் பரப்பு மிக விரிந்தது. 'சொக் தெ ஜிரோனா' (ஜிரோனாவைச் சேர்ந்தவன்) என்பதில் தோற்றுவாயும், 'எல் ல்யிப்ரெ தெ ல மரியா' (மரியாவின் புத்தகம்) என்பதில் கிழமையும், 'பார்லோ தெ' (பற்றிப் பேசுகிறேன்) என்பதில் பேசுபொருளும் உணர்த்தப்படுகின்றன. ஐந்தாம் வேற்றுமையின் நீக்கமும் ஆறாம் வேற்றுமையின் கிழமையும் இங்கே ஒன்றாகின்றன. 'இன்' என்பது நீக்கத்திலும் உடைமைத் தொடரிலும் வருதலை அறிந்த தமிழர்க்கு இவ்வொருமை விளங்குவது எளிது.

தமிழ் தொகையாகக் கூறுமிடங்களிலும் 'தெ' வெளிப்பட்டு வரும். 'தௌலா தெ ஃபுஸ்தா' என்பது 'மரமேசை'. இரு பெயர்கள் நேரே அடுத்து வரும் தமிழ்த் தொடரைக் காட்டலானில் ஆக்கும்போது அவற்றினிடையே தொக்கிநிற்கும் உறவை விரித்துப் பார்க்க வேண்டும். தொகைநிலைத் தொடரை விரித்துப் பொருள்காணும் பயிற்சி இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது.

ஐந்தாம் வேற்றுமையின் எல்லாப் பொருள்களும் 'தெ'யால் வாரா. ஒப்புப் பொருளில் 'மெஸ் அல்த் கெ என் ஜுவான்' (ஜுவானைவிட உயரமான) என 'கெ' என்ற இணைப்புச்சொல் வரும். இங்குள்ள 'என்' முன்னுருபு அன்று. ஆண்பெயர்க்கு முன் வரும் சுட்டுச்சொல். எண்ணுக்கு முன் மட்டும் 'மெஸ் தெ த்ரெஸ்' (மூன்றுக்கு மேல்) எனத் 'தெ' வரும். தொடக்க எல்லையைத் தெளிவாகச் சுட்ட 'தெஸ் தெ' என்பதும் முடிவெல்லையைச் சுட்ட 'ஃபின்ஸ் அ' என்பதும் வழங்கும்.

7. காலப்பொருள்

'அ லெஸ் த்ரெஸ்' என்பது 'மூன்று மணிக்கு'. இரு மொழிகளும் கடிகார நேரத்துக்குச் சென்றடைதலைக் குறிக்கும் உருபையே ஆள்கின்றன. 'அல் மதி' என்பது 'காலையில்'. கிழமைப் பெயர்க்கு முன்னுருபு தேவையில்லை. 'எல் தில்யுன்ஸ்' என்றாலே 'திங்கட்கிழமையன்று' எனப் பொருள்படும். தமிழிலும் 'திங்கட்கிழமை வந்தான்' என உருபின்றிக் கூறுகிறோம். ஆண்டைக் குறிப்பிடும்போது மட்டும் வேறுபாடு உண்டு. தமிழ் '1913இல்' என்று உருபு பெறும். காட்டலானில் சுட்டுச்சொல்லோடு 'எல் 1913' என முன்னுருபின்றிக் கூறுவதே நெறியான வழக்கு.

8. வினை வேண்டும் முன்னுருபு

சில வினைகளில் முன்னுருபு பொருளால் அன்றி வினையின் தேர்வாலேயே அமைகிறது. 'பென்ஸோ என் து' (உன்னை நினைக்கிறேன்), 'கொன்ஃபீயோ என் து' (உன்னை நம்புகிறேன்) ஆகியவற்றில் தமிழ் இரண்டாம் வேற்றுமையை வேண்டக் காட்டலான் 'என்' வேண்டுகிறது. இவற்றை வினையோடு சேர்த்தே பயில வேண்டும்.

செயப்படுபொருளிடத்தில் ஒரு முழுத்தொடர் வரும்போது இம்முன்னுருபு மறைகிறது. 'கொன்ஃபீயோ கெ வின்த்ராஸ்' என்றால் 'நீ வருவாய் என்று நம்புகிறேன்' என்பது பொருள். 'கெ' என்ற இணைப்புச்சொல்லுக்கு முன் 'என்' வாராது. தமிழிலும் 'என்று' வந்தவுடன் ஐ உருபுக்கு இடமில்லை. ஸ்பானிய மொழி இவ்விடத்தில் முன்னுருபை விடாது பேணுவதால், அதன்வழி கற்பவர் காட்டலானிலும் அதனைச் சேர்த்துவிடுகின்றனர். தமிழையே அளவுகோலாகக் கொண்டவர்க்கு அப்பிழை நேராது.

9. பயிற்றுமுறைக்கான பரிந்துரைகள்

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து மூன்று பரிந்துரைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, முன்னுருபுகளை அகரவரிசையில் பொருள் தந்து கற்பிப்பதை விடுத்து, இருப்பிடம், கொடை, கருவி, உடனிகழ்ச்சி, காரணம், நீக்கம், கிழமை எனப் பொருள் வரிசையில் கற்பித்தல்.

இரண்டாவது, வினையை அதற்குரிய முன்னுருபோடு ஒரே அலகாகப் பயிற்றுதல்.

மூன்றாவது, ஒவ்வொரு தொடரையும் பதிலிச்சொல்லிட்டு மீண்டும் கூறச்செய்தல். 'விங்க் தெ ஜிரோனா' என்று கூறியவர் 'என் விங்க்' (அங்கிருந்து வருகிறேன்) என்றும், 'பென்ஸோ என் து' என்று கூறியவர் 'இ பென்ஸோ' என்றும் மாற்ற வேண்டும். 'தெ' பெற்ற தொடர்க்குப் பதிலி 'என்'; இடப்பொருளில் வரும் 'அ', மற்றும் 'என்', 'அம்ப்' முதலியவை பெற்ற தொடர்க்குப் பதிலி 'இ'; கொடைப்பொருளில் வரும் 'அ' பெற்ற தொடர்க்குப் பதிலி 'லி'. முன்னுருபாக வரும் 'என்' வேறு, பதிலியாக வரும் 'என்' வேறு என்பதும் இப்பயிற்சியில் தானே தெளிவாகும். மாணவர் எப்பொருளில் முன்னுருபை ஆண்டார் என்பதை ஆசிரியர் அறிவதற்கும் இதுவே எளிய வழி.

முடிவுரை

காட்டலான் முன்னுருபு எதுவும் தமிழ் உருபு ஒன்றிற்கு முழுமையாக நிகரானது அன்று. 'அ' என்பது நான்காம், ஏழாம் வேற்றுமைகளின் எல்லையைக் கடக்கிறது. 'அம்ப்' மூன்றாம் வேற்றுமையின் இரு பொருள்களை ஏற்று ஒன்றை விடுகிறது. 'பெர்', 'பெர் அ' ஆகியவை பொருட்டுப் பொருளை இரண்டாகப் பிரிக்கின்றன. 'தெ' நீக்கத்தையும் கிழமையையும் தொகையையும் ஒன்றாக்குகிறது. ஆயினும் இவ்வேறுபாடுகள் ஒவ்வொன்றையும் கூறுவதற்குரிய கலைச்சொற்கள் தமிழ் இலக்கணத்தில் முன்னமே உள்ளன. அவற்றைப் பழைய நூல்களின் உரைக்கு மட்டும் உரியனவாகக் கொள்ளாமல், பிறமொழி கற்பித்தலின் நடைமுறைக் கருவிகளாகவும் ஆள வேண்டும். ஆங்கிலத்தையோ ஸ்பானிய மொழியையோ இடையில் நிறுத்தாமல் தமிழிலிருந்து நேரே காட்டலானுக்குச் செல்லும் பாடநூல் உருவாகுமாயின், அதன் முதல் இயல் வேற்றுமைப் பொருள்களிலிருந்து தொடங்குவதே தக்கதாகும்.